குத்தவைத்து அளந்த தொட்டி

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, மரத் தொட்டியின் விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு சில்வர் செம்பு. அதன் முதுகில் பனி முத்து முத்தாக நின்றது.

"செம்பு எதுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"மொண்டு ஊத்திக்கத்தான் மச்சான். தொட்டி இருந்தா செம்பு வேணாமா?" என்றார் தங்கச்சியின் புருஷன்.

பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்து நான்கு நாளாகியிருந்தது. தலவாக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டத்துப் பாதையில் முக்கால் மணி நேரம் ஏறினால் தங்கச்சி குடியிருக்கும் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்துக்கு மேலே பழைய துரை பங்களா. இப்போது அது ஹோட்டல். பங்களாவின் பின்பக்கம், மூங்கில் தட்டி அடித்து மறைத்த ஓரிடத்தில் அந்தத் தொட்டி நின்றது.

ஹோட்டல் மெனேஜர் மாப்பிள்ளையிடம் போனில் ஒரு படம் காட்டியிருந்தார். மரத் தொட்டியில் கழுத்தளவு குளிர்ந்த தண்ணீர், அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர். இரண்டு மூன்று நிமிடம் இப்படி இருந்தால் உடம்பு வலி போகிறது, மனசு அமைதியாகிறது என்று சொல்கிறார்களாம். வேறு இடங்களில் தண்ணீரைக் குளிர வைக்க மெசின் வேண்டும். தை மாதத்தில் இங்கே மலைக் குழாயைத் திறந்தால் போதும். அன்று காலை தண்ணீருக்குள் விட்ட தெர்மாமீட்டர் பதின்மூன்று காட்டியது.

மாப்பிள்ளை தேயிலைத் தொழிற்சாலையில் தச்சராக இருந்தவர். தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரை மூடி நான்கு வருடமாகிறது. அதன் பிறகு மரக்கறித் தோட்டம், கூரை வேலை, கிடைத்த நாளில் கிடைத்த வேலை. ஹோட்டலுக்கு நிரந்தரமாக ஒரு தச்சர் தேவைப்பட்டது. தொட்டிதான் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை வரவிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, தினமும் காலையில் குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவர். இங்கே தொட்டி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை அவர் இறங்கி ஏறிய பிறகு முடிவு சொல்வதாக மெனேஜர் சொல்லியிருந்தார்.

அந்த முடிவுக்குக் காத்திருந்தது மாப்பிள்ளை மட்டுமல்ல. தங்கச்சிக்குக் குவைத்தில் ஒரு வீட்டு வேலை தயாராக இருந்தது. இரண்டு வருடம். மெடிக்கல் பாஸ். ஹட்டனில் இருக்கும் ஏஜென்சிக்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு எட்டு வயது. லயத்து அறையான காம்பராவில் அடுப்புக்கு மேலே போட்டிருந்த பரண் பலகையில், புகை படாமல் பொலித்தீனால் சுற்றிய சில்லு வைத்த ஒரு கறுப்புப் பயணப் பை இருந்தது. நான் வந்த நான்கு நாளில் வீட்டில் யாரும் அந்தப் பையைப் பற்றிப் பேசவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்காரும்போது எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். நானும்தான்.

"நீங்க ஒரு தரம் எறங்கிப் பாருங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "வெள்ளைக்காரங்க ஒசரத்துக்கு நம்ம வீட்ல நீங்கதான் இருக்கீங்க."

சனிக்கிழமை அது. தொட்டி பார்க்க அழகாக இருந்தது. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகளின் பலகைகளை வாங்கி, இழைத்து, இடுக்குத் தெரியாமல் பொருத்தியிருந்தார். உயரம் இரண்டரை அடி. உள்ளே ஒரு பக்கம் இரண்டு அடி, மறுபக்கம் இரண்டரை. தண்ணீர் வரும் குழாயைத் தலைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில் வைத்திருந்தார். அது இரைச்சலோடு கொட்டிக்கொண்டிருந்தது. விளிம்பு கையில் வழுக்கும் அளவுக்கு வழவழப்பு.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலது காலை வைத்தேன். குளிர் என்று தோன்றவில்லை. யாரோ கணுக்காலை இறுக்கிக் கட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டு காலும் உள்ளே போனதும் உட்காரப் பார்த்தேன். உட்கார இடமில்லை. குத்தவைக்க என் முழங்கால்கள் சம்மதிக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் பத்திரிகை அலுவலகத்தில் கதிரையில் உட்கார்ந்து அச்சுப் பக்கம் திருத்திய முழங்கால்கள் அவை. பாதி குனிந்த நிலையில் கால் வழுக்கி, அடிப்பலகையில் போய் உட்கார்ந்தேன்.

மூச்சு நின்றது. பிறகு என்னைக் கேட்காமல் குட்டிக் குட்டியாக வர ஆரம்பித்தது. முழங்கால்கள் எதிர்ப் பலகையில் முட்டிக்கொண்டன. என் உடம்பு இறங்கிய அளவுக்குத் தண்ணீர் மேலே ஏறியது. மார்பு, கழுத்து, கடைசியில் கீழுதடு. மேலேயிருந்து குழாய் உச்சந்தலையில் கொட்டியது. எழுந்திருக்கக் காலைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுக்க இடமில்லை. விளிம்பைப் பிடித்தேன். விரல்கள் பிடித்ததாகக் கண் சொன்னது, கைக்குத் தெரியவில்லை. வழுக்கிவிட்டது. மறுபடி பிடித்தேன். மறுபடி வழுக்கியது.

"எப்பிடி மச்சான், சொகமா இருக்கா?" என்று மாப்பிள்ளை கேட்டது குழாய்ச் சத்தத்துக்கு நடுவே காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகும். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சிரிக்கவும் செய்தார்.

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஓடி வந்தார். முதலில் அடியில் இருந்த அடைப்பைப் பிடுங்கப் போனார். அது ஊறி இறுகியிருந்தது. பிறகு அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். விளிம்பில் என் தொடை உரசித் தோல் உரிந்தது. சாக்கில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் செம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஆறு இருபத்தொன்று. உள்ளே இருந்தது ஒன்றரை நிமிடம்கூட இருக்காது.

தங்கச்சி பிளாஸ்கில் பால் ஊற்றாத தேயிலைச் சாயத்தண்ணியோடு வந்தபோது நான் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"எப்பிடி அளந்தீங்க இத?" என்று கேட்டேன்.

தங்கச்சி சொன்னாள். "என்னய அடுப்படியில குத்தவக்கச் சொல்லி நூல் போட்டு அளந்தாரு அண்ணே. தோளு வரைக்கும் ஒரு முடிச்சு, முழங்காலுக்கு ஒரு முடிச்சு."

"குளிக்கிறவங்க குத்தவச்சுத்தானே குளிப்பாங்க?" என்றார் மாப்பிள்ளை.

லயத்தில் குளிப்பது பீலியில். மலையிலிருந்து வரும் தண்ணீர் தகரத்திலோ குழாயிலோ கொட்டும். அதற்குக் கீழே நிற்பார்கள், அல்லது பக்கத்தில் குத்தவைத்து அழுக்குத் தேய்ப்பார்கள். தண்ணீருக்குள் காலை நீட்டி உட்கார்ந்த ஆள் ஒருவர்கூட எங்கள் லயத்தில் இல்லை. மாப்பிள்ளைக்கு நாற்பத்தி மூன்று வயது. அவர் செய்தது ஒரு பீலிக்கரைதான். நான்கு பக்கமும் பலகை அடித்திருந்தார், அவ்வளவே. குழாய் தலைக்கு மேலே இருந்ததும் செம்பு விளிம்பில் இருந்ததும் அதனால்தான்.

"அந்தம்மா என்ன நம்ம பீலிக்கரையிலயா பொறந்துச்சு?" என்றாள் தங்கச்சி. "அதுவும் என்னய அளந்திருக்கீங்க. நான் நனைஞ்சாலும் நாப்பது கிலோ. அண்ணன எறக்குனா தண்ணி மேல வராம எங்க போகும்?"

"ஒரு ஆளுக்குச் சட்டை தைக்கிறதுன்னா அளவு கேக்கலாம். தொட்டிக்கு யார்கிட்ட போயி கேக்க?"

"கேட்டிருக்கணும்."

மாப்பிள்ளை விளிம்பிலிருந்த செம்பை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மெனேஜரிடம் சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லலாமா என்று யோசித்தேன். வாய் வரை வந்துவிட்டது. தங்கச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிருங்க. வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி நான் ஹட்டனுக்குப் போகணும்." குரலை உயர்த்தவில்லை. பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள். சரியாகப் பொருந்தாமல் இரண்டு தரம் திருகினாள்.

ஏழு மணிக்கு மாப்பிள்ளை தொட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றத் தொடங்கினார்.

இந்த முறை என்னை அளந்தார். பங்களாவில் சமைக்கிற குசினியிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே, இடுப்பிலிருந்து தோள் வரை, நீட்டிய காலின் நீளம் என்று நூலில் முடிச்சுப் போட்டார். "இருபத்தெட்டு வருசம் கதிரையில உக்காந்தது ஒண்ணுக்காவது ஒதவுச்சு," என்றார். அன்று அவர் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான்.

ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கே பயம் வந்தது என்று கேட்டார். குளிரிலா, உட்காரும்போதா, எழும்போதா? சனிக்கிழமை முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடினேன். செய்தி எழுதுகிறவன் விபத்தைப் பற்றிக் கேட்பதுபோல என்னையே கேட்டுக்கொண்டேன். குளிரைத் தாங்கியிருக்கலாம். உள்ளே போன அந்தக் கணத்திலேயே, எந்த வழியாக வெளியே வருவது என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு உடம்பு வேறு எதையும் கேட்கவில்லை.

"அப்ப படி வேணும்," என்றார் மாப்பிள்ளை. "வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. உக்காந்த எடத்துலருந்து பாத்தா தெரியணும்."

தொட்டியின் நீளம் ஐந்தடியானது. முதுகுப் பக்கப் பலகையைக் கொஞ்சம் சாய்த்தார். படிக்குப் பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பு வைத்தார். முதலில் ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த இரும்புக் குழாயை எடுத்தார். அதை ஒரு நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிடித்தார், உடனே கையை உதறினார். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேயிலைக் கட்டை ஒன்றைச் சீவி, பட்டையின் சொரசொரப்பைக் கொஞ்சம் விட்டுவைத்துப் பொருத்தினார். தண்ணீர்க் குழாயைக் கீழே இறக்கிப் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்கு அடியில் விட்டார். இரைச்சல் நின்றுவிட்டது. விளிம்புக்கு நான்கு விரல் கீழே ஒரு துளை போட்டார். ஆள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மிஞ்சிய தண்ணீர் அதன் வழியே போய்விடும்.

உட்காரும் பலகைக்கு மரம் போதவில்லை. இருந்தவை எல்லாம் மெலிந்த பலகைகள். பகல் இரண்டு மணிக்கு மாப்பிள்ளை லயத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். அவர் காம்பராவுக்குள் நுழைந்து, அடுப்புக்கு மேலிருந்த பரணை அண்ணாந்து பார்த்தார். இரண்டு அங்குலத் தடிப்பு, புகையேறிக் கறுத்த பலகை. பையை இறக்கித் தரையில் வைத்தார். பலகையைக் கழற்றினார்.

தங்கச்சி வாசலில் நின்றாள். "பைய எங்க வைக்கிறது?" என்றாள்.

"இப்போதைக்குக் கீழ இருக்கட்டும்," என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொட்டியை நிரப்பினோம். புதிதாகப் பொருத்திய இரண்டு மூலைகளிலும் தண்ணீர் ஒழுகியது. மரம் ஊறி வீங்கினால் இடுக்கு தானாக அடைபடும் என்றார் மாப்பிள்ளை. எவ்வளவு நேரத்தில் என்று கேட்டேன். "ஸ்டோர்லன்னா ரெண்டு நாளு விடுவோம்," என்றார். எங்களிடம் இருபது மணி நேரம் இருந்தது. உள்பலகையில் பென்சிலால் தண்ணீர் மட்டத்தைக் குறித்தேன். பதினொன்றுக்கு அது இரண்டு விரல் இறங்கியிருந்தது. பன்னிரண்டுக்கு இன்னொரு இரண்டு. மறுபடி நிரப்பினோம். மாப்பிள்ளை மூலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு வேண்டாம் என்றார்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. மூங்கில் தட்டியின் இடுக்கு வழியாக அந்த அம்மாவைப் பார்த்தேன். அறுபத்தைந்து வயதிருக்கும். நெடிய உருவம். என்னைவிட உயரம். இடது முழங்காலில் இலாஸ்டிக் பட்டி. வேனிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்து, ஒரு நொடி நின்று, பிறகுதான் காலை ஊன்றினார். மாப்பிள்ளையிடம் அந்த முழங்காலைப் பற்றிச் சொல்லவில்லை. மெனேஜரைத் தனியாகப் பிடித்து, அந்த அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம், இருதய நோய் ஏதாவது உண்டா என்று சிங்களத்தில் கேட்டேன். டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் இறங்குகிறார், பத்து வருடப் பழக்கம், பயப்பட வேண்டாம் என்றார். பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகு இன்னும் கொஞ்சம் பயமாக இருந்தது.

மாலை ஆறு மணிக்கு வைத்த பென்சில் கோட்டில், ஏழு மணிக்கும் தண்ணீர் நின்றது.

திங்கள் காலை. தொட்டிக்குப் பக்கத்தில் தங்கச்சியைத் துவாயோடு நிறுத்தச் சொன்னது மெனேஜர். நானும் மாப்பிள்ளையும் தட்டிக்கு வெளியே. அந்த அம்மா ஏதாவது சொன்னால் மாப்பிள்ளைக்குத் தமிழில் சொல்ல நான். மெனேஜர் வராந்தாவில். ஏதாவது என்றால் துவாயைத் தட்டிக்கு மேலே தூக்கிக் காட்டு என்று தங்கச்சியிடம் சொல்லியிருந்தேன். ஆறு ஐம்பத்திரண்டுக்கு மரப்படியில் காலடி விழுந்தது.

தண்ணீர் சளக்கென்றது. உடனே அந்த மூச்சு. குட்டிக் குட்டியாக, வேகமாக. எனக்குத் தெரிந்த மூச்சு. மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். பத்து மூச்சு வரை எண்ணினேன். மிஞ்சிய தண்ணீர் துளை வழியாக வடிந்து கல்லில் விழுந்தது. பிறகு மூச்சு நீண்டது. இன்னும் நீண்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை.

"ஏன் மச்சான் சத்தமே இல்ல?" என்றார் மாப்பிள்ளை காதருகே.

தட்டிக்கு மேலே துவாய் தெரியவில்லை. அவள் பயத்தில் தூக்க மறந்திருக்கலாம் என்று தோன்றியது. இரண்டு நிமிடம். மாப்பிள்ளை தட்டியில் கை வைத்துவிட்டார். மூங்கில் கிரீச்சிட்டது.

உள்ளேயிருந்து தங்கச்சி அடங்கிய குரலில் சொன்னாள். "கண்ண மூடிக்கிட்டு இருக்காங்க. போங்க அந்தப் பக்கம். மானத்த வாங்காதீங்க."

மூன்று நிமிடமும் சில நொடிகளும் ஆனபோது தண்ணீர் மறுபடி சளக்கென்றது. மரத்தில் ஒரு காலடி, பிறகு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே தயக்கம் இருக்கவில்லை. கம்பை வலது கையால் பிடித்தாராம், முழங்கால் வலிக்கிற காலை இரண்டாவதாக எடுத்து வைத்தாராம். தங்கச்சி பிறகு சொன்னாள்.

துவாயைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்த அந்த அம்மா, செய்தது யார் என்று கேட்டார். மாப்பிள்ளையைக் காட்டினேன். அந்த அம்மா சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்: உட்கார்ந்ததும் எதிரே படி தெரிந்தது, அதனால் கண்ணை மூட முடிந்தது. தண்ணீர் சத்தம் போடவில்லை, அது நல்லது. முதுகுப் பலகை இன்னும் சற்றுச் சாயலாம். பலகையில் ஏதோ புகை வாசம் வருகிறது, அது என்ன?

முதல் மூன்றையும் மொழிபெயர்த்தேன். நான்காவதை மாப்பிள்ளையிடம் கேட்காமல், பழைய மரம் என்று நானே பதில் சொன்னேன்.

மெனேஜர் வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். மூன்று மாதம் வந்து வேலை செய்யட்டும், பிறகு நிரந்தரமாக்குவது பற்றிப் பார்க்கலாம் என்றார். சிங்களத்தில் சொன்னது மாப்பிள்ளைக்கு நேரடியாகவே விளங்கியது. "ஹரி மாத்தயா," என்று சிங்களத்திலேயே சம்மதம் சொன்னார். திரும்பித் தங்கச்சியைப் பார்த்தார். அவள் ஈரத் துவாயை மடித்துக்கொண்டிருந்தாள். மூலைக்கு மூலை பொருத்தி மடித்து முடிக்கும் வரை நிமிரவில்லை.

"மூணு மாசம்," என்றாள்.

"மூணு மாசம்," என்றார் அவரும்.

செம்பை அவள்தான் எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினாள். வழியில் ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டாள். மூன்று மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு, செம்பைக் கை மாற்றிப் பிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கொழும்புக்குப் புறப்படும்போது காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தேன். பரண் இல்லாததால் கறுப்புப் பை தரையில்தான் இருந்தது. பொலித்தீனைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே பாதி வரை உருளைக்கிழங்கு. வெளிப்பக்க ஜிப் சரியாக மூடவில்லை; பாஸ்போர்ட் இன்னும் அதற்குள்தான் இருந்தது.